இட்லிப்பூச் செடியின் இலை ஏன் மஞ்சளாகிறது?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் வாசலில் இட்லிப்பூ வைத்திருப்பவர்கள் ஒரு கட்டத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நர்சரியிலிருந்து வாங்கி வரும்போது இலை கரும்பச்சையாக மின்னும். நட்டுச் சில மாதங்கள் போனதும் கொழுந்து வெளிறத் தொடங்கும். அடுத்த கோடைக்குள் செடியின் தலைப்பகுதி முழுக்க மஞ்சளாகி, பூங்கொத்து சிறுத்து, இலை ஓரங்கள் கருகிவிடும்.

யாரிடம் கேட்டாலும் ஒரு வைத்தியம் கிடைக்கும். யூரியா வை என்பார் ஒருவர். இரும்புச் சத்துக் குறைவு, பழைய ஆணி நாலைத் தூரில் புதைத்து வை என்பார் இன்னொருவர். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடு, அடுப்புச் சாம்பலைத் தூவு என்ற யோசனைகளும் வரும். இரும்பு என்று சொன்னவர் நோயைச் சரியாகத்தான் கண்டிருக்கிறார், மருந்தில்தான் தவறிவிட்டார். மற்றவை செடிக்கு உதவுவதில்லை. சாம்பலும் முட்டை ஓடும் நிலைமையை மோசமாக்கவே செய்யும்.

மண்ணில் இரும்பு தாராளமாக இருக்கும்போதே செடி இரும்பில்லாமல் வாடுகிறது. இது எப்படி நடக்கிறது என்பது புரிந்துவிட்டால் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

முதலில் செடியைப் பற்றி

இட்லிப்பூ என்று நாம் கூப்பிடும் இந்தப் புதர்ச்செடிதான் சங்கப் பாடல்களில் வரும் வெட்சி. தாவரவியலில் இக்சோரா காக்சினியா. காப்பிச் செடியும் நம் வயல்வரப்பில் தானாக முளைக்கும் நுணாவும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த மண். வெளிநாட்டிலிருந்து வந்த அலங்காரச் செடிகளுக்கு நடுவே, தோட்டத்தில் நிற்கும் நம்மூர்ச் செடி இது.

இலைகள் தடித்து, எதிரெதிர் இணையாக, காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டி நிற்கும். ஒவ்வொரு பூவும் மெல்லிய நீண்ட குழல். குழலின் நுனியில் நான்கு இதழ்கள் விரியும். இப்படிப் பல பூக்கள் சேர்ந்து கிளை நுனியில் ஒரு கொத்தாகும். தேன் குழலின் அடியில் இருப்பதால் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிகளும், கூரிய அலகுள்ள தேன்சிட்டுகளும்தான் இதை அதிகம் நாடி வரும். பூவைப் பறித்து நடு நரம்பை மெல்ல உருவி, நுனியில் தொங்கும் ஒரு துளித் தேனை நக்கிப் பார்க்காத பிள்ளைகள் நம் ஊர்களில் குறைவு. காய் பட்டாணி அளவு இருக்கும். சிவந்து, பின் கருத்துப் பழுக்கும்.

சிவப்புதான் பரவலான நிறம். மஞ்சள், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு வகைகளும், முழங்கால் உயரத்திலேயே நிற்கும் குட்டை வகைகளும் நர்சரிகளில் உண்டு. வெயில் பட்டால் ஆண்டு முழுதும் விட்டுவிட்டுப் பூக்கும். வேலியாக வரிசையில் வைக்கலாம், தனிப் புதராக வளர்க்கலாம், தொட்டியிலும் வைக்கலாம். முருகனுக்கு உகந்த பூ என்பதால் வீட்டுப் பூசைக்காகவே வளர்ப்பவர்களும் நிறையப் பேர்.

இதன் பூர்வீக இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தொல்காப்பியம் வெட்சித் திணையை மலைநிலமான குறிஞ்சிக்குப் புறனாக, அதாவது அதற்கு இணையான புறத்திணையாக வைக்கிறது. வயல்நிலமான மருதத்தின் புறன் உழிஞை. செடியின் இயல்பும் இதோடு ஒத்துப்போகிறது. மலைச்சரிவுகளிலும், மேற்குக் கடற்கரையின் செம்புறாங்கல் குன்றுகளிலும், நீர் தேங்காத, அமிலத்தன்மை உள்ள செம்மண்ணில் தானாகப் புதர்மண்டி வளரும் செடி இது. அதைக் கொண்டுவந்து மருதநிலத்துக் களிமண்ணில் வைத்திருக்கிறோம். மஞ்சள் நோயின் தொடக்கம் இங்கேதான்.

எந்த இலை மஞ்சள்? மேலா, கீழா?

வைத்தியத்துக்கு முன் செடியை ஒரு நிமிடம் பாருங்கள். மஞ்சளானது கொழுந்து இலையா, முதிர்ந்த இலையா?

செடிக்குள் சில சத்துகள் இடம்பெயரும். தழைச்சத்து அப்படிப்பட்டது. பற்றாக்குறை வந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். இலை முழுவதும் ஒரே சீராக வெளிறும். யூரியா இதற்குத்தான் மருந்து.

இரும்பு அப்படி நகராது. ஓர் இலைக்குள் போய்ச் சேர்ந்த இரும்பு பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். புதிதாக விடும் கொழுந்துக்கு வேண்டியதை வேர்தான் புதிதாக அனுப்ப வேண்டும். அது நின்றால் அடியிலை பச்சையாகவே இருக்க, மேலிலை மஞ்சளாகும். அதிலும் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியும், நரம்புகளுக்கு இடையே உள்ள பகுதி வெளிறியிருக்கும். முற்றினால் வெள்ளை கலந்த மஞ்சளாகி ஓரம் கருகும். பச்சையம் போதிய அளவு உருவாகாமல் இலை இப்படி வெளிறுவதைப் பச்சைய சோகை என்பார்கள்.

இங்கே பலர் குழம்புவதுண்டு. பச்சையத்துக்குள் இரும்பு இல்லை. பச்சைய மூலக்கூற்றின் நடுவில் இருப்பது மெக்னீசியம். ஆனால் அந்த மூலக்கூற்றைச் செடி கட்டியெழுப்பும் வழியில் இரும்பு இல்லாமல் நடக்காத கட்டங்கள் உண்டு. ஆகவே இரும்பு வரவில்லை என்றால் பச்சையமும் உருவாகாது.

சுருக்கிச் சொன்னால், அடியிலை சீராக மஞ்சளானால் தழைச்சத்தைச் சந்தேகிக்கலாம். கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்பு எட்டவில்லை என்று கொள்ளலாம். டெல்டாவின் இட்லிப்பூக்களில் பெரும்பாலும் நாம் பார்ப்பது இரண்டாவதைத்தான்.

பத்தாயத்தில் நெல் இருந்தும் பசி

பழைய வீடுகளில் பத்தாயம் பார்த்திருப்பீர்கள். பத்தாயம் நிறைய நெல் இருக்கிறது. ஆனால் வீட்டில் உரலும் இல்லை, ஊரில் அரவை மில்லும் மூடிக்கிடக்கிறது என்று வையுங்கள். உலை கொதித்தாலும் நெல்லை அப்படியே போட்டுச் சோறாக்க முடியாது. உமி நீங்கி அரிசியானால்தான் சோறு. அந்த வீட்டுக்கு மேலும் பத்து மூட்டை நெல் கொண்டுபோய் இறக்கினாலும் பசி தீராது.

மண்ணில் உள்ள இரும்பும் இதுபோலத்தான். பூமியின் மேலோட்டில் அதிகமாக உள்ள தனிமங்களில் இரும்புக்கு நான்காவது இடம். எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். நம் களிமண்ணிலும் அது ஏராளம். ஆனால் காற்றுப் படும் மண்ணில் அது பெரும்பாலும் துரு வடிவில் இருக்கிறது. இந்த வடிவத்துக்கு ஃபெரிக் இரும்பு என்று பெயர். இது தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு, வேர் இதை நேராக உறிஞ்ச முடியாது. செடிக்கு வேண்டியது ஃபெரஸ் இரும்பு. அது கரையும், வேருக்குள் நுழையும். நெல்லை அரிசியாக்குவதுபோல் ஃபெரிக்கை ஃபெரஸாக்கும் வேலை நடந்தாக வேண்டும்.

அந்த வேலையை இட்லிப்பூவின் வேர் தானே செய்துகொள்ளும். அகன்ற இலையுள்ள செடிகளின் வேர்கள் இரண்டு படிகளில் இதைச் செய்கின்றன. முதலில் வேர் தன்னைச் சுற்றி அமிலத்தைக் கசியவிட்டுத் துருவைச் சிறிது கரைக்கிறது. பிறகு வேரின் மேற்பரப்பில் உள்ள ஒரு நொதி, கரைந்த ஃபெரிக்கை ஃபெரஸாக மாற்றுகிறது. உடனே அது உள்ளே இழுக்கப்படுகிறது. செம்மண் குன்றில் நிற்கும் வெட்சிக்கு இதில் சிரமமே இல்லை; மண்ணே அமிலச் சார்பாக இருப்பதால் பாதி வேலை முடிந்திருக்கும். நம் வாசலில் நிற்கும் செடிக்கு இந்த முதல் படியிலேயே தடை விழுகிறது.

கார அமில நிலை என்றால் என்ன?

மண்ணோ நீரோ எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதை 0 முதல் 14 வரையிலான அளவுகோலில் குறிப்பார்கள். இதுவே கார அமில நிலை. மண்வள அட்டையில் பி.எச். என்று அச்சிட்டிருக்கும். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும். தெளிந்த சுண்ணாம்பு நீர் 12-ஐத் தாண்டும். தூய மழைநீர் 5.6 அளவில் இருக்கும்.

இந்த அளவுகோலில் ஓர் எண் என்பது பத்து மடங்கு. 8 உள்ள மண் 7 உள்ள மண்ணைவிடப் பத்து மடங்கு காரமானது, 6 உள்ளதைவிட நூறு மடங்கு. "8 தானே, 6-க்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று நினைத்துவிடக் கூடாது. இரும்புக்கு இது இன்னும் கடுமை. பி.எச். ஓர் எண் ஏறினால் மண்நீரில் கரைந்து நிற்கும் ஃபெரிக் அயனியின் அளவு ஆயிரம் மடங்கு குறைகிறது.

இட்லிப்பூ விரும்புவது 5 முதல் 6 வரை. காவிரி வண்டல் களிமண்ணோ நடுநிலையிலிருந்து காரம் வரை போகும். கடலோரம் நெருங்க நெருங்க உவர்ப்பும் சேர்ந்துகொள்ளும்.

தண்ணீரும் ஒரு காரணம்

மண்ணை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் குழாய் வாயிலும் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும் வெள்ளையாகப் படிவு கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட் என்ற உப்புப்பகுதியும் நிறைய இருப்பதற்கு அது அடையாளம். பைகார்பனேட்டின் குணம் அமிலத்தைச் செல்லாமல் ஆக்குவது. வேர் பாடுபட்டுக் கசியவிடும் அமிலத்தை, நாம் ஊற்றும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் அழித்துவிடுகிறது. செடி மறுபடி கசியவிடும். மறுநாள் நாம் மறுபடி ஊற்றுவோம்.

வாய்க்காலில் தண்ணீர் இல்லாத, மழையும் பெய்யாத சித்திரை, வைகாசியில் போர்த் தண்ணீர் ஒன்றுதான் கதி. அப்போது நோய் முற்றுவதில் வியப்பில்லை. குடிநீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். இட்லிப்பூவுக்கு அது வேண்டவே வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை, அதைத் தாராளமாக ஊற்றலாம்.

மூன்றாவது காரணம் சிமென்ட். இட்லிப்பூவைப் பெரும்பாலும் சுற்றுச்சுவர் ஓரத்திலோ போர்டிகோ பக்கத்திலோ வைக்கிறோம். வீடு கட்டியபோது கொட்டிய காரையும் கலவைச் சிதறலும் அங்கேதான் புதைந்து கிடக்கும். அவை மெல்ல மெல்லச் சுண்ணாம்பை மண்ணில் விட்டுக்கொண்டே இருக்கும். ஒரே வரிசையில் வைத்த செடிகளில் சுவரை ஒட்டியது மட்டும் மஞ்சளாகி, தள்ளி வைத்தது பச்சையாக நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: மண்ணில் இரும்பு உண்டு. காரம் கூடினால் அது கரையாத துருவாகவே நின்றுவிடும். வேர் விடும் அமிலத்தைப் போர்த் தண்ணீரும் காரையும் செல்லாமலாக்கும். கொழுந்து மஞ்சளாகும்.

அப்படியானால் நெல் ஏன் பச்சையாக இருக்கிறது?

நியாயமான கேள்வி. இட்லிப்பூ மஞ்சளாக நிற்கும் அதே ஊரில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சம்பா பயிர் கரும்பச்சையாக நிற்கிறதே?

வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்று தீர்ந்துபோகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள், ஆக்சிஜனுக்குப் பதிலாகத் துருவில் உள்ள ஃபெரிக் இரும்பைப் பயன்படுத்தி அதை ஃபெரஸாக்கிவிடுகின்றன. தண்ணீர் தேங்கி நின்றால் கார மண்ணின் பி.எச்.சும் நடுநிலையை நோக்கி இறங்கும். ஆக நெல்லுக்கு வேண்டிய இரும்பு கரைந்த வடிவில் சும்மாவே கிடைக்கிறது. வடிகால் வாய்க்கால்களில் தண்ணீர்மேல் எண்ணெய் போல் பளபளக்கும் துருநிறப் படலத்தைக் கவனித்திருப்பீர்கள். குச்சியால் தொட்டால் சில்லுசில்லாக உடையும். அது எண்ணெயாக இருந்தால் மறுபடி ஒன்றுகூடிவிடும். உடைந்தபடியே கிடப்பது, மண்ணிலிருந்து கரைந்து வந்த இரும்பு காற்றுப் பட்டு மீண்டும் துருவாவதால் உண்டான படலம். நம் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியும் டெல்டாவிலேயே உண்டு. புழுதியில் நேரடியாக விதைத்த நெல், மழையும் தண்ணீரும் வருமுன் இளம்பயிராக நிற்கையில் வெளுத்துப்போகும். விவசாயிகள் அப்போது அன்னபேதி என்ற இரும்பு உப்பைத் தெளிப்பார்கள். அதே நெல்தான், அதே மண்தான். தண்ணீர் கட்டாததால் இரும்பு துருவாகவே பூட்டிக்கிடக்கிறது.

அப்படியானால் இட்லிப்பூவுக்கும் தண்ணீர் கட்டினால் போதுமே என்று தோன்றலாம். அது செடியைக் கொன்றுவிடும். நெல்லின் தண்டிலிருந்து வேர்வரை காற்றைக் கொண்டுபோகும் உள்வழிகள் உண்டு. இட்லிப்பூவின் வேருக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீர் தேங்கினால் மூச்சுமுட்டி அழுகும். அழுகும் முன்பே, சோர்ந்த வேர் அமிலம் விடுவதை நிறுத்தியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் வடியாத பாத்தியில் நிற்கும் செடி மழைநீர் கிடைத்தும் மஞ்சளாவது இதனால்தான்.

டெல்டாவுக்குள்ளேயே மண் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் மேட்டில் செம்புறாங்கல் மண். 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கங்களிலும் செம்மண்ணும் மணற்பாங்கும் உண்டு. அங்கே இட்லிப்பூ அதிகத் தொந்தரவு தருவதில்லை. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்க் களியில்தான் வம்பு. வல்லத்து நண்பர் சொல்லும் பக்குவம் மன்னார்குடியில் பலிக்காது.

சுற்றிவரும் வைத்தியங்கள்

ஆணியைப் புதைப்பது: ஆணி துருப்பிடிக்கும். துரு என்பது ஃபெரிக் இரும்பு. பத்தாயத்தில் இன்னும் ஒரு மூட்டை நெல்லை இறக்கியதுதான் மிச்சம்.

முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல்: ஓடு கால்சியம் கார்பனேட், சாம்பல் நல்ல காரம். வேறு செடிகளுக்கு இவற்றால் பயன் உண்டு. இட்லிப்பூவின் தூரில் போட்டால் பி.எச். இன்னும் ஏறும்.

டிஏபி: மணிச்சத்து மிகுந்த உரம் இது. மணிச்சத்து அளவுக்கு மீறினால் இரும்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். மஞ்சள் செடிக்கு டிஏபி வைத்துப் பச்சையாகவில்லையே என்று மேலும் வைப்பது, இருக்கும் கொஞ்சம் இரும்பையும் பறிப்பதாகும்.

எலுமிச்சைச் சாறு, புளித்த மோர்: வழி சரி, வலு போதாது. சுண்ணாம்புள்ள களிமண் ஒரு டம்ளர் அமிலத்தை உடனே விழுங்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

உடனே செய்ய வேண்டியது: அன்னபேதி

உரக்கடையில் அன்னபேதி உப்பு என்று கேட்டால் கிடைக்கும். ஃபெரஸ் சல்பேட் என்பது இதன் வேதிப்பெயர். இரும்பு இதில் செடி எடுத்துக்கொள்ளும் ஃபெரஸ் வடிவிலேயே இருக்கிறது. நல்ல அன்னபேதி வெளிர் பச்சையாக இருக்கும். பழுப்பேறி இருந்தால் அது காற்றுப் பட்டு ஃபெரிக்காகத் திரும்பிவிட்டது, வாங்க வேண்டாம்.

இதை மண்ணில் அப்படியே தூவினால் கார மண் சீக்கிரமே துருவாக்கிவிடும். அதனால் இலையில் தெளிக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி, அதோடு 1 கிராம் சிட்ரிக் அமிலம். சிட்ரிக் அமிலம் இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்திருக்கும். மழைநீர் இருந்தால் அதில் கரையுங்கள். முதலில் சிட்ரிக் அமிலம், பிறகு அன்னபேதி. இலை மெழுகுப் பூச்சு உள்ளது என்பதால் ஒட்டுவதற்கு இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விடலாம். மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள். கரைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். பூக்களில் பட்டால் கறுக்கும், டைல்ஸ் தரையில் பட்டால் துருக்கறை போகாது.

பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் இலைகள் பச்சை திரும்பும். ஆனால் இது அன்றைக்குப் பசியாற்றும் வேலைதான். இரும்பு நகராது என்று பார்த்தோம். அடுத்து விடும் கொழுந்துக்கு இந்த இரும்பு போய்ச் சேராது. மண்ணைச் சரிசெய்யாமல் தெளித்துக்கொண்டே இருந்தால் தெளிப்பதற்கு முடிவே வராது.

இரும்புக் கீலேட் என்று ஒரு பொருளும் விற்கிறார்கள். இரும்பை ஒரு கரிமப் பொருள் நாலாப்புறமும் பிடித்துத் துருவாகாமல் காக்கும் சேர்மத்துக்குக் கீலேட் என்று பெயர். இதில் ஈடிடிஏ வகை கார மண்ணில் சீக்கிரம் பிடியை விட்டுவிடும், ஆகவே இலைத்தெளிப்புக்கே ஏற்றது. ஈடிடிஎச்ஏ வகை கார மண்ணிலும் தாங்கும், வேருக்கு ஊற்றலாம், விலை கூடுதல். இரண்டு தொட்டி வைத்திருப்பவர் வாங்கலாம். நூறடி வேலி வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது.

நிலையான வழி

முதலில் உங்கள் மண் எப்படி என்று பாருங்கள். உலர்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்குகிறதா? பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது என்று பொருள். சுக்கான்கல் கலந்த மண்ணும் காரை கலந்த மண்ணும் இப்படிப் பொங்கும். துல்லியம் வேண்டுமென்றால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். வீட்டிலேயே பார்ப்பதானால் 20 கிராம் மண்ணை 50 மில்லி காய்ச்சி வடித்த நீரில் (பேட்டரிக்கு ஊற்றுவது) கலக்கி, தெளிந்ததும் பி.எச். தாளை நனைத்துப் பார்க்கலாம்.

பொங்கும் மண்ணை மாற்ற முயல்வது வீண். கந்தகத்தூள் போட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல அமிலமாக்கும் என்பது உண்மை. மாதக் கணக்கில் ஆகும். சுண்ணாம்பு குறைவான மண்ணில் அது பலிக்கும். சுக்கான் மண்ணிலோ போடும் கந்தகத்தையெல்லாம் சுண்ணாம்பே தின்றுவிடும்.

அதைவிட, செடிக்கென்று தனி மண் அமைத்துக் கொடுப்பது நல்லது. சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளுங்கள். இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் குழியெடுத்துக் களியை வெளியேற்றிவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய சாணி எருவும் இலைமக்கும் ஒரு பங்கு, கொஞ்சம் மணல் என்று நிரப்புங்கள். தரைமட்டத்தோடு நிறுத்தாமல் அரையடி, முக்காலடி மேடாக்குங்கள். களிமண்ணில் எடுத்த குழி மழைக்காலத்தில் கிணறு போல் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளும். மேடு வேரைக் காப்பாற்றும்.

மக்கிய எருவை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மக்கில் உள்ள கரிம அமிலங்கள் இயற்கையான கீலேட்டாக வேலை செய்யும். அன்னபேதியை மண்ணில் போட்டே ஆக வேண்டுமென்றால், மக்கிய எருவோடு பிசறி ஈரமாகச் சில நாள் வைத்திருந்து பிறகு தூரில் இடலாம். இலைச்சருகு மூடாக்கும் நல்லது. தென்னை நார்க்கழிவு நம் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது. மக்கியதாக, உப்புப் போகக் கழுவியதாக இருந்தால் சேர்க்கலாம். தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்பேட் சிறிதளவு வைத்தால் அதுவும் வேர்ப்பகுதியை அமிலப் பக்கம் இழுக்கும்.

தொட்டியில் வைப்பவர்களுக்கு இது எல்லாமே எளிது. ஆனால் தொட்டி மண்ணில் போர்த் தண்ணீரின் உப்பு விரைவில் சேரும். புரட்டாசிக்குப் பிறகு மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். இல்லாதபோது வாளித் தண்ணீரில் சிட்ரிக் அமிலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்து, தாளில் 6 காட்டும் அளவுக்குக் கொண்டுவந்து ஊற்றலாம்.

பூ, கத்தரிப்பு, நாற்று

இலை பச்சையானபின் பூவைப் பற்றிப் பேசலாம். இட்லிப்பூ கிளையின் நுனியில்தான் பூக்கும். வேலி மட்டமாக இருக்க வேண்டுமென்று வாராவாரம் கத்தரிப்பவர்கள் மொட்டு வைக்கும் நுனியையே வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் ஒருமுறை கத்தரித்து விட்டுவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே பக்கக்கிளைகள் வெடித்து, நுனிகள் பெருகி, அடுத்த சுற்றில் கொத்துகளும் பெருகும். தினம் அரைநாளாவது நேர்வெயில் வேண்டும். நிழலில் இலை வரும், பூ வராது.

நாற்றுக்கு, பூக்காத அரைமுற்றிய கிளையில் விரற்கடை பருமனுக்குக் குறைவான போத்துகளை வெட்டி மணலும் மக்கும் கலந்த ஈரத்தில் நடலாம். மழைக்காலத்தில் வேர் பிடிக்கும், மெதுவாகத்தான். தாழ்ந்த கிளையை வளைத்துப் பதியன் போடுவது இன்னும் நம்பகம். விதையிலிருந்தும் வரும், ஆனால் பூப்பதற்கு நெடுநாள் ஆகும்.

மாவுப்பூச்சி, செதில்பூச்சி, அசுவினி மூன்றும் வரலாம். எறும்பு ஏறுவதைப் பார்த்தாலே சந்தேகப்படுங்கள். இலையில் கரிபோல் படிந்தால் அது அந்தப் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் பூசணம். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இவ்வளவு பாடு முடியாது, மண்ணோ சுக்கான், தண்ணீரோ உப்பு என்பவர்கள் அந்த இடத்துக்கு அரளி வைக்கலாம். காரத்தையும் ஓரளவு உவரையும் தாங்கிப் பூக்கும் புதர் அது. செடி முழுவதும் நஞ்சு என்பதால் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் ஆடு மாடு வாய்வைக்கும் இடத்திலும் மட்டும் வேண்டாம். இட்லிப்பூதான் வேண்டும் என்றால் அதை ஒரு பெரிய தொட்டிக்கு மாற்றி, வல்லத்துச் செம்மண் ஒரு மூட்டை வரவழைத்துக்கொள்ளுங்கள்.